எண்ணெய் பட்ட வேலம்பாசி: கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு மீன்குஞ்சுப் பண்ணையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேரன்மகாதேவி வட்டாரத்தில், கன்னடியன் கால்வாயிலிருந்து பிரியும் ஒரு கிளை வாய்க்காலை ஒட்டி ஒரு தம்பதி சிறிய மீன்குஞ்சுப் பண்ணை நடத்துகிறார்கள். சில மண்குளங்கள், கொட்டகைக்குள் சிமெண்ட் தொட்டிகள், ஓர் ஆழ்துளைக் கிணறு, அவ்வளவுதான். கட்லா, ரோகு குஞ்சுகளை வெளியே வாங்கி வளர்த்து விற்பார்கள். சாதா கெண்டையை மட்டும் தாங்களே முட்டையிட வைக்கிறார்கள். அதற்கு ஹார்மோன் ஊசி, வட்டத் தொட்டி என்ற ஏற்பாடெல்லாம் வேண்டாம். சினை பிடித்த பெண்மீனையும் ஆண்மீன்களையும் குளத்தில் கட்டிய ஹாப்பாவில், அதாவது வலைத்தொட்டியில் விட்டு, வேலம்பாசி என்ற நீர்க்கொடியைக் கொத்துக் கொத்தாகப் போட்டுவைத்தால் விடியற்காலையில் முட்டையிட்டுவிடும். முட்டை ஒட்டும் தன்மை உள்ளது, பாசியில் அப்பிக்கொள்ளும். ஒரு கிலோ எடையுள்ள பெண்மீன் லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். தண்ணீர் 26 முதல் 28 டிகிரி வரை இருந்தால் ஏறக்குறைய இரண்டு நாளில் பொரித்துவிடும்.

சாதா கெண்டை முட்டையிடும் மாசி மாதம்தான் இந்தப் பக்கம் பிசான நெல் அறுவடை தொடங்கும் நேரமும். வெளியூரிலிருந்து அறுவடை இயந்திரங்கள் வரிசையாக வந்து இறங்கும். பண்ணையின் நீர் மடைக்கு மேற்கே, தண்ணீர் வரும் திசையில், ஒரு பாலம் இருக்கிறது. பாலத்தை ஒட்டி ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். டிராக்டர், அறுவடை இயந்திரம், டீசல் இன்ஜின் எல்லாம் அங்கே பழுது பார்க்கிறார்கள். பாலத்தின் இறக்கத்தில் வண்டியை வாய்க்காலுக்குள் இறக்கிக் கழுவுவதும் உண்டு.

நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். முட்டைகளை நுண்ணோக்கியில் பார்த்துத் தரும்படி பண்ணைக்காரர் கேட்டு வந்தபோதுதான் எனக்கு இதில் வேலை வந்தது. அதற்கு முன் நடந்ததை அவர்களுடைய நோட்டில் எழுதியிருந்ததையும் அவர்கள் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஈடு

பருவத்தின் முதல் ஈட்டில் முட்டைகள் நன்றாகவே விழுந்தன. மறுநாள் பார்த்தால் பாதிக்கும் மேல் வெளுத்துப் பஞ்சு பூத்திருந்தது. பண்ணைக்காரர் இதைப் பூஞ்சை என்று எடுத்துக்கொண்டார். அது இயல்பான முடிவுதான், ஏனென்றால் எந்தப் பண்ணையிலும் முட்டையின் மேல் பஞ்சு தெரிந்தால் முதலில் பூஞ்சைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பூஞ்சை பெரும்பாலும் செத்த முட்டையில்தான் முதலில் பிடிக்கும், அங்கிருந்து பக்கத்து முட்டைக்குப் பரவும். முட்டை ஏன் செத்தது என்ற கேள்விக்குப் பஞ்சு பதில் சொல்லாது.

இரண்டாம் ஈட்டுக்கு வேறு சினைமீன்களை எடுத்தார்கள். ஹாப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்துக் கட்டினார்கள். இந்த முறை பூஞ்சை குறைவு, பொரிப்பும் பரவாயில்லை. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று ஆறுதல் அடைந்தார்கள். நோட்டில் 'பொரிப்பு நன்று' என்று எழுதியும் இருக்கிறது. ஆனால் பொரித்த குஞ்சுகள் ஹாப்பாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மேலே எழும்பவேயில்லை. பல குஞ்சுகள் வளைந்து ஒரே இடத்தில் சுற்றின. மஞ்சள்கரு தீர்ந்து இரை எடுக்கத் தொடங்க வேண்டிய நாளில் கும்பலாகச் செத்தன. மிஞ்சியவை பத்தில் இரண்டோ மூன்றோ இருக்கலாம்.

இதற்குள் தண்ணீரைப் பரிசோதித்தாயிற்று. கரைந்த ஆக்சிஜன், கார அமிலத் தன்மை, அம்மோனியா மூன்றிலும் குறை தெரியவில்லை. பண்ணையில் வழக்கமாகப் பார்க்கும் இந்த மூன்றும் எண்ணெயைக் காட்டித் தராது. நோட்டின் ஓரத்தில் பண்ணைக்காரரின் மனைவி எழுதிவைத்திருந்த ஒரு வரிதான் வழி காட்டியது: 'மடைப் பக்கம் காலையில் கலர் படலம், சாயங்காலம் இல்லை.'

நுண்ணோக்கியில் தெரிந்தது

மூன்றாம் ஈட்டு முட்டைகளைப் பாசியோடு எடுத்து வந்தார்கள். இட்டு ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. சாதா கெண்டை முட்டை கண்ணாடி போல இருக்கும். இந்த வயதில் உள்ளே கண்ணும் வாலும் தெரியும், இதயம் துடிப்பதையும் பார்க்கலாம். பார்த்தவை பலவற்றில் துடிப்பு மந்தமாக இருந்தது. சிலவற்றில் இரண்டு துடிப்புக்கு ஒரு இடைவெளி. இதயத்தைச் சுற்றி நீர் கோத்து நெஞ்சுப் பகுதி குமிழாக உப்பியிருந்தது. அந்த நீரின் நடுவே இதயம் ஒரு நூல் போல இழுபட்டுக் கிடந்தது. மஞ்சள்கருப் பையிலும் நீர்க்கோப்பு. முதுகுத்தண்டு வளைவு இதற்கு அடுத்தபடியாகத்தான் தெரிந்தது.

இந்த வரிசை முக்கியம். சூடு, ஆக்சிஜன் குறைவு, பூச்சிமருந்து ஆகியவற்றாலும் குஞ்சு கோணலாகும், நீரும் கோக்கும். ஆனால் இதயத்துடிப்பு மந்தமாகி, நீர் கோத்து, அதன்பின் உடல் வளையும் இந்தத் தொடர், எண்ணெய் பட்ட மீன் கருவில் உலகெங்கும் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட ஒன்று.

எண்ணெயிலும் டீசலிலும் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற சேர்மங்கள் உள்ளன. இன்ஜினில் ஓடிய ஆயிலில் எரிபொருள் அரைகுறையாக எரிந்த மிச்சமும் சேர்ந்து, இவற்றின் அளவு புது ஆயிலைவிடக் கூடுதலாகிவிடும். இவற்றில் பினாந்திரீன் போன்ற மூன்று வளையச் சேர்மங்கள் இதயத் தசைச் செல்லில் பொட்டாசியமும் கால்சியமும் போய்வரும் ஓட்டத்தைத் தடுக்கின்றன. துடிப்பு அந்த ஓட்டத்தை நம்பித்தான் நடக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரலில் நடந்த எண்ணெய்க் கிணற்று விபத்துக்குப் பிறகு, சூரை மீன்களின் இதயச் செல்களை வைத்துச் செய்த ஆய்வில் 2014-ல் இது தெளிவாக நிறுவப்பட்டது. கருவில் முதலில் வேலை செய்யத் தொடங்கும் உறுப்பு இதயம். அது சரியாகத் துடிக்காவிட்டால் தாடை, துடுப்பு, முதுகு எல்லாம் பின்தொடர்ந்து கெடும். வளர்ந்த மீனின் ஈரல் இந்தச் சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றிவிடும். கருவுக்கு அந்த வசதி இன்னும் வந்திருக்காது. மஞ்சள்கருவில் கொழுப்பு அதிகம் என்பதால் இவை அங்கே போய்த் தங்கிக்கொள்கின்றன. குளத்தில் இருந்த பெரிய மீன்கள் துள்ளிக்கொண்டு திரிந்ததும் முட்டைகள் மட்டும் கெட்டதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

பண்ணைக்காரர் முதலில் நம்பவில்லை. "படலம் காலையில கொஞ்ச நேரம்தான் சார் இருக்கு. மடையில வைக்கோல் போட்டு எடுத்திருதோம். அப்புறம் தண்ணி கண்ணாடி மாதிரிதான இருக்கு?" என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியும் படலம் எண்ணெயின் ஒரு பகுதிதான். கருவைக் கெடுப்பது தண்ணீரில் கரைந்துபோகும் பகுதி. அதற்கு நிறம் கிடையாது, வாடையும் பெரும்பாலும் தெரியாது. 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதிச் சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அதன்பின் அங்குள்ள இளஞ்சிவப்பு சால்மன் முட்டைகளை வைத்து நடந்த ஆய்வுகளில், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவு சேர்மங்கள்கூட முட்டைச் சாவைக் கூட்டின. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வைக்கோல் அதைப் பிடிக்காது.

பிரித்துப் பார்த்த சோதனை

வாய்க்கால் தண்ணீர்தான் காரணம் என்று ஊகித்தாலும், மனம்போன போக்கில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும். அடுத்த ஈட்டு முட்டைகளைப் பாசியோடு பிரித்துக் கொட்டகைத் தொட்டிகளில் வைத்தோம். ஒன்றில் மடைத் தண்ணீர், ஒன்றில் பாலத்துக்கும் மேற்கே எடுத்த வாய்க்கால் தண்ணீர், ஒன்றில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால் இரவு முழுக்கப் பூவாளிக் குழாயில் விழவைத்துக் காற்றேற்றி எடுத்தோம். மூன்றிலும் ஒரே ஆழம், ஒரே காற்றோட்டம்.

மடைத் தண்ணீரில் இருந்தவை மோசம். பாலத்துக்கு மேற்கே எடுத்த தண்ணீரில் இருந்தவை பரவாயில்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீரிலும் நீர் கோத்த கருக்கள் கணிசமாகத் தெரிந்தன. சுத்தமான தண்ணீரில் ஏன் இப்படி என்று எல்லோருக்கும் குழப்பம். பண்ணைக்காரருக்கு மறுபடி சினைமீன் மேல் சந்தேகம் வந்தது.

விடை பாசியில் இருந்தது. முட்டை ஒட்டுவதற்காகப் போட்ட வேலம்பாசியை, கைக்கு எட்டுகிற இடம் என்று பாலத்துக்குக் கீழேயுள்ள வாய்க்காலிலிருந்துதான் பறித்து வந்திருந்தார்கள். பறித்த பாசியை வெள்ளை ஏனத்தில் வெந்நீர் விட்டுப் பிசைந்தபோது வானவில் படலம் மேலே மிதந்தது, கருகிய ஆயில் வாடையும் வந்தது. இலை ஒவ்வொன்றிலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. முட்டை அதன்மேல் ஒட்டி, பொரிக்கும்வரை அதோடு உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. தண்ணீரை மாற்றினாலும் நஞ்சு முட்டைக்கு அடியிலேயே இருந்தது. கடலில் ஹெர்ரிங் மீனுக்கு நேர்வதும் இதே கதைதான். அதுவும் கரையோரக் கடற்பாசியில் முட்டையை ஒட்டவைக்கும் மீன். கடலில் கொட்டிய எண்ணெய் ஒதுங்கிப் படிவதும் அதே கரையோரத்தில்தான்.

அடுத்த ஈட்டில் பாசிக்குப் பதில் நைலான் கயிற்றை இழை இழையாகப் பிரித்துக் கொத்துக்கட்டி, கொதிநீரில் அலசிப் போட்டோம். மீன் அதில் தயங்காமல் முட்டையிட்டது. கிணற்றுத் தண்ணீரில், நைலான் இழையில் இருந்த கருக்களில் இதயம் சீராகத் துடித்தது, நீர்க்கோப்பு அபூர்வம். அதே ஈட்டில் வாய்க்கால் பாசியில் ஒட்டியிருந்தவை, அதே கிணற்றுத் தண்ணீரில், முன்போலவே கெட்டன. ஆய்வகத்தில் அளந்த எண் எதுவும் இந்த நிகழ்வில் இல்லை. ஒரே தாய்மீனின் முட்டைகள் இரண்டு விதமாகப் பிரிந்து நின்றதுதான் சான்று.

வெயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மடைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கொட்டகைக்கு வெளியே வைத்திருந்தோம். அதில் இருந்த முட்டைகள் நிழலில் இருந்தவற்றைவிட வேகமாக, நடுப்பகலுக்குப் பிறகு வெளுத்தன. எண்ணெய்ச் சேர்மங்கள் சில புற ஊதா ஒளி பட்டதும் பலமடங்கு நஞ்சாகும். கரு கண்ணாடி போல இருப்பதால் ஒளி உள்ளே வரை போகும். 2007 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து சுமார் 2 லட்சம் லிட்டர் எரிபொருள் எண்ணெய் கொட்டியபின், ஆழமற்ற கரையோரத்தில் இடப்பட்ட ஹெர்ரிங் முட்டைகள் திசு சிதைந்து செத்தன. ஆழத்தில் வைத்தவற்றில் இதயத்துடிப்புதான் மந்தமானது. நம் மாசி வெயிலில், முழங்கால் ஆழத்தில் கட்டும் ஹாப்பாவில் இது அலட்சியம் செய்யக்கூடிய விஷயம் இல்லை. முதல் ஈட்டு முட்டைகள் பொரிக்காமலே வெளுத்ததற்கு வெயிலும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே கருதுகிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மடையை உடனே அடைத்தார்கள். முட்டைக்கும் குஞ்சுக்கும் காற்றேற்றிய கிணற்றுத் தண்ணீர் மட்டும். வளர்ப்புக் குளங்களுக்கு வாய்க்கால் தண்ணீரைத் தவிர்க்க முடியாது, கிணறு அத்தனைக்கும் போதாது. அங்கே பெரிய குஞ்சுகள்தான் இருந்தன என்பதால், படலம் இல்லாத நேரத்தில் மட்டும் பாய்ச்சுவது என்று வைத்துக்கொண்டார்கள்.

பண்ணையில் வேலை பார்த்தவர் நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்: "சோப்புத்தூளைக் கரைச்சு மடையில ஊத்தினா படலம் காணாமப் போயிரும் அண்ணாச்சி." இதை உறுதியாக மறுத்தோம். சோப்பு எண்ணெயை அழிக்காது. நுண்துளிகளாக உடைத்துத் தண்ணீருக்குள் இறக்கிவிடும். மேலே மிதந்தது முட்டை இருக்கும் இடத்துக்கே வந்து சேரும், சோப்பும் தன் பங்குக்குச் செவுளைப் புண்ணாக்கும். பார்வைக்குச் சுத்தமாகி உள்ளே மோசமாகும் வழி இது.

மடைக்குழியின் சேற்றைக் கிளறினால் படலம் எழும்பியது. அதை அள்ளி, வரப்பில் போடாமல், மேட்டில் தார்ப்பாய் விரித்துக் குவித்து மூடினார்கள். மழையில் கரைந்து மறுபடி வாய்க்காலுக்குப் போகக்கூடாது என்பதற்காக.

கடினமான முடிவு இரண்டாம் ஈட்டில் மிஞ்சிய குஞ்சுகள் பற்றியது. முன்பணம் வாங்கியாயிற்று, வாங்குவோர் காத்திருந்தார்கள். மிஞ்சியவை நீந்தவும் செய்தன, இரையும் எடுத்தன. பண்ணைக்காரருக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணம் இருந்தது. அலாஸ்கா ஆய்வுகளின் தொடர்ச்சியை அவர்களிடம் சொன்னேன். கருவில் சிறிதளவு எண்ணெய் பட்டு, வெளித்தோற்றத்தில் நலமாக இருந்த சால்மன் குஞ்சுகளை அடையாளமிட்டுக் கடலில் விட்டபோது, வளர்ந்து திரும்பியவை எண்ணெய் படாதவற்றைவிடக் குறைவு. பின்னால் பார்த்தபோது அப்படிப்பட்ட மீன்களின் இதய அறை வடிவம் மாறியிருந்தது, நீந்தும் வேகமும் குறைந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பண்ணைக்காரரின் மனைவி முடித்துவைத்தார்: "இப்ப நீந்துதுன்னு குடுத்துட்டு, நாளைக்கு அவங்க குளத்துல செத்து மிதந்தா என்ன சொல்ல? முன்பணத்தைத் திருப்பிருவோம்." திருப்பினார்கள். அந்தப் பருவத்தின் பெரிய நட்டம் அதுதான். அந்த முடிவின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அந்தக் குஞ்சுகளை விற்றிருந்தால் காரணம் தெரியாத ஒரு சாவு நான்கு ஊர்க் குளங்களில் பரவியிருக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் பேசியது

புகார் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஓடும் தண்ணீரில் நஞ்சு கலப்பதைத் தடை செய்கிறது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ஓடிய ஆயில் அபாயகரக் கழிவு, அதை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அறுவடை சில வாரங்களில் முடியும், முக்கிய முட்டைப் பருவமும் அதோடு முடியும். புகார் நகர்வதற்குள் இரண்டும் போய்விடும் என்பதால் முதலில் நேரில் பேசுவது என்று முடிவாயிற்று.

ஒர்க்‌ஷாப்காரர் சண்டைக்கு வரவில்லை. "கொஞ்சூண்டு ஆயில்தான அண்ணாச்சி, ஓடுற தண்ணியில போயிரும்னு நெனச்சோம். நாலு வண்டி வரிசையா நிக்கும்போது எங்க பிடிச்சு வைக்க?" என்றார். பண்ணைக்காரர் வாதாடாமல், நீர் கோத்த கருவை நான் செல்போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினார். அதைப் பார்த்தபின் அவருடைய பேச்சு மாறியது. பண்ணையிலிருந்து இரண்டு டிரம் கொடுத்தார்கள். வேஸ்ட் ஆயில் அதில் சேர்ந்தது, மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் காசு கொடுத்தே வாங்கிப்போனார்கள். ஆயில் மாற்றுவது கரையிலிருந்து விலகி ஒர்க்‌ஷாப் தளத்துக்கு மாறியது.

வண்டி கழுவுவது மட்டும் நிற்கவில்லை. அதைச் செய்பவர்கள் ஒர்க்‌ஷாப்காரருக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. வயலிலிருந்து வரும் எந்த டிராக்டரும் அந்த இறக்கத்தில் இறங்கும்.

பின்விளைவு

அந்தப் பருவத்தின் கடைசி ஈடுகள், நைலான் இழையும் கிணற்றுத் தண்ணீருமாக, வழக்கமான விளைச்சல் தந்தன. நட்டத்தில் ஒரு பகுதி மீண்டது. பங்குனிக் கடைசியில் வாய்க்கால் அடைபட்டு, ஆனி வாக்கில் கார் நெல் பருவத்துக்குப் புதுத் தண்ணீர் வந்தபின், மடைத் தண்ணீரில் கொஞ்சம் முட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். கெட்ட கருக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன, ஆனால் கிணற்றுத் தண்ணீரின் அளவுக்கு இறங்கவில்லை. வாய்க்கால் படுகைச் சேற்றில் தங்கிய எண்ணெய் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அலாஸ்காவில் எண்ணெய் படிந்த ஓடைகளில் சால்மன் முட்டைச் சாவு விபத்துக்குப் பின் நான்கு ஆண்டுகள் வரை கூடுதலாகவே இருந்தது.

எனக்கு அதிகக் கவலை தருவது பண்ணை இல்லை. பண்ணைக்குக் கிணறு உண்டு, நுண்ணோக்கியோடு பார்க்க ஆள் உண்டு. அதே வாய்க்காலில் அதே பாசியில் முட்டையிடும் ஆற்றுக் கெண்டைக்கு இரண்டும் இல்லை. பெரிய மீன் செத்து மிதந்தால் ஊரே கூடிப் பார்க்கும். பொரிக்காத முட்டையைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். முன்பு இந்த வாய்க்காலில் துண்டைப் போட்டாலே பொடிமீன் சிக்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். மீன் குறைந்ததற்கு உரம், மருந்து, மணல், சாக்கடை என்று பல காரணங்கள் உண்டு. அந்தக் கணக்கில் பாலத்து இறக்கத்தையும் சேர்க்க வேண்டும்.

மாற்றியவை

பண்ணை நோட்டில் இப்போது 'பொரிப்பு' என்ற ஒரே கட்டத்துக்குப் பதில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன: கண் தெரியும் பருவத்தில் இதயத்துடிப்பும் நீர்க்கோப்பும், பொரித்தவை, மஞ்சள்கரு தீர்ந்தபின் நீந்துபவை. மூன்றாவது எண்ணிக்கை வராமல் எந்த ஈட்டுக்கும் முன்பணம் வாங்குவதில்லை. முதல் கட்டத்துக்காக ஒரு மலிவான மாணவர் நுண்ணோக்கியை வாங்கிவிட்டார்கள், அதைப் பார்ப்பது மனைவியின் பொறுப்பு. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு சிறு கொத்து முட்டையை மடைத் தண்ணீரிலும் இன்னொன்றைக் கிணற்றுத் தண்ணீரிலும் வைத்துப் பார்த்த பிறகே பெரிய ஈடு. வாய்க்கால் பாசி பண்ணைக்குள் வருவதில்லை. வேலம்பாசி வேண்டுமென்றால் கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் தாங்களே வளர்த்தது. ஹாப்பாவின் மேல் நிழல்வலை கட்டுகிறார்கள். படலம் தெரிந்தால் தண்ணீர் மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்காமல், மூடியில் அலுமினியத் தாள் வைத்த பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து ஐஸில் வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. இந்தச் சேர்மங்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், வெளிச்சத்தில் சிதையும்.

பாலத்து இறக்கத்துக்குப் பதிலாகக் கரைக்கு வெளியே, எண்ணெய் பிரிக்கும் தொட்டியோடு ஒரு வண்டி கழுவும் மேடை வேண்டும் என்று வாய்க்கால் பாசன விவசாயிகள் கூட்டத்தில் பண்ணைக்காரரும் ஒர்க்‌ஷாப்காரரும் சேர்ந்தே மனு கொடுத்திருக்கிறார்கள். இடம் பார்த்தாயிற்று, பணம் இன்னும் ஒதுக்கப்படவில்லை. அதுவரை அறுவடை நாட்களில் மடை அடைத்தே இருக்கிறது.